சாம்பலில் வெள்ளி எடுப்பவன் குற்றவாளியாம்!

சின்ன காஞ்சிபுரத்தில் சென்ற மாதம் ஒரு மனு நம் கைக்கு வந்தது. "குடியிருக்கும் இடத்தில் நடக்கும் ஜரிகை உருக்குப் பட்டறைகளை உடனே அகற்று! பழைய சேலை, பழைய இரும்பு வாங்கும் ஆட்களைத் தெருவுக்குள் விடாதே!" என்பது மனுவின் சாரம். கீழே அறுபதுக்கு மேல் கையெழுத்து. போட்டவர்களில் பாதிப் பேர் தறிக்காரர்கள், சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள். "தோழரே, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டு மாநகராட்சிக்கு அனுப்பி வையுங்கள்" என்று கேட்டார்கள்.

நாம் போடவில்லை. கேட்டவர்களுக்குக் கோபம். "சங்கம் யார் பக்கம்? எங்கள் பக்கமா, அந்தப் பட்டறைக்காரன் பக்கமா?" என்று ஒரு தோழர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. வாயால் சொன்னால் போதாது, எழுதியே பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

புகை உண்மைதான்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். மனுவில் சொன்ன புகை கட்டுக்கதை அல்ல. நாம் நேரில் போய்ப் பார்த்தோம். எதிரே ஓர் ஆள் வந்தால் நாம் சுவரோரம் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. அதன் கோடியில் ஓட்டுச் சாய்ப்பு ஒன்று. உள்ளே மூன்று பேர் வேலை செய்கிறார்கள்.

பழைய பட்டுச் சேலையில் கரையையும் முந்தானையையும் தனியே கத்தரித்து எடுக்கிறார்கள். அதை இரும்புச் சட்டியில் போட்டு எரிக்கிறார்கள். பட்டு புழுவின் உடம்பிலிருந்து வந்த பொருள் அல்லவா? எரியும்போது மயிர் கருகும் நாற்றம் தெருக்கோடி வரை வருகிறது. பிறகு சாம்பலைக் கழுவி, வெண்காரம் சேர்த்து, மூசையில் இட்டு உருக்குகிறார்கள். வெள்ளி, தாமிரம், துளித் தங்கம் எல்லாம் கலந்த கட்டி கிடைக்கிறது. அதை நைட்ரிக் திராவகத்தில் கரைக்கிறார்கள். அப்போது கிளம்புகிறதே செம்பழுப்புப் புகை, அதுதான் நெஞ்சைப் பிடிக்கும் புகை. தங்கம் மட்டும் கரையாமல் கறுத்த பொடியாக அடியில் தங்கிவிடும். கரைந்த நீரில் செப்புத் தகட்டை வைத்தால் வெள்ளி பஞ்சு பஞ்சாகப் படியும். மிஞ்சுவது நீலத் தண்ணீர். அது சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை எங்கே போகிறது என்பது காஞ்சிபுரத்தாருக்குத் தெரியும். வேகவதி என்று ஒரு ஆறு இந்த ஊரில் ஓடியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று அதில் போவது இந்தத் தண்ணீரும் இதைப் போன்றவையுந்தான்.

முகத்துக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மூன்று பேரும் வேலை செய்கிறார்கள். கைக்கு உறை கிடையாது. திராவகம் பட்டு விரல் நுனியெல்லாம் மஞ்சள் பாய்ந்து கிடக்கிறது. "கையைச் சோறு பிசையும்போது பார்த்தால் எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்" என்றார் அவர்களில் மூத்தவர். அவர் ஒரு காலத்தில் கோர்வைச் சேலை நெய்தவர். தறி விற்றுப் பதினோரு வருஷம் ஆகிறதாம்.

பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்றபடியே சொன்னார்: "பேரப் பிள்ளைக்கு ராத்திரி பூரா இருமல், தோழரே. இவங்க பொழைக்க வேணாம்னு நான் சொல்லலை. நாங்களும் மூச்சு விடணுமில்ல?"

இந்த அம்மாவின் பேச்சில் ஒரு எழுத்துக் கூடத் தப்பில்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டுப் பட்டறையை இடி என்று கிளம்புகிறவர்களோடு நாம் போக மாட்டோம். பட்டறை இடிந்தால் புகை நிற்காது. அடுத்த ஊர் ஏரிக்கரைக்கு, இன்னும் ஏழை வீட்டுக் கொல்லைக்குப் போகும். மூன்று பேருடைய கூலி மட்டும் நிச்சயமாக நிற்கும்.

யார் இந்தப் பழைய சேலைக்காரன்?

"பழைய பட்டுச் சேலே... ஜரிகை வேட்டியே..." என்று கூவிக்கொண்டு மொபெட்டில் போகிற ஆளை யாருக்குத்தான் தெரியாது? பையில் ஒரு தராசு, ஓர் உரைகல். சேலையின் ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல். இல்லாவிட்டால் உதட்டைப் பிதுக்குவான்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் பேசிப் பார்த்தோம். பலர் தறி விட்டவர்கள். சிலர் பாலாற்றுப் பக்கத்துக் கிராமங்களில் நடவு, அறுப்பு இல்லாத மாதங்களில் ஊர் சுற்ற வருகிற விவசாயத் தொழிலாளிகள். சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் இன்னும் ஒரு படி கீழே, குப்பைமேட்டில் இரும்பும் பாட்டிலும் பொறுக்குகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையைப் படிக்கிற பண்ணைத் தோழர்களும் ஆலைத் தோழர்களும் இதை வேறு யாரோ ஒருவருடைய கதை என்று நினைக்க வேண்டாம். வேலை போன நெசவாளியும் மழை பொய்த்த விவசாயக் கூலியும் போய்ச் சேருகிற இடம் இது. நாளைக்கு மில் கதவை அடைத்தால் நம்மில் சிலரும் அங்கேதான் நிற்போம்.

சேலையை விற்கிறவள் யார்? அவளும் நம்மவள்தான். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில், ஆஸ்பத்திரிச் செலவு வந்த வாரத்தில், கல்யாணக் கூறையை மடியில் மறைத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறவள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஜரிகைக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மார்க் என்றால் 242 கிராம். காஞ்சிபுரத்தில் சர்க்காரே நடத்துகிற தமிழ்நாடு ஜரிகை ஆலை அசல் ஜரிகைக்கு வைத்திருக்கும் அளவு, நூற்றுக்கு 40 பங்கு வெள்ளி, 35.5 பங்கு தாமிரம், 24 பங்கு பட்டு, அரைப் பங்கு தங்கம். இதற்கு முந்திய கணக்கில் வெள்ளி 57 பங்கு வரை இருந்தது. பாட்டி காலத்துச் சேலைக்குப் பழைய சேலைக்காரன் பறக்கிறான் என்றால் காரணம் இதுதான்.

இன்றைய அளவையே வைத்துக்கொள்வோம். ஒரு மார்க் ஜரிகையில் சுமார் 97 கிராம் வெள்ளி, 86 கிராம் தாமிரம், 1.2 கிராம் தங்கம். வெள்ளி விலை 2024-ல் கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. 2025 டிசம்பரில் இரண்டு லட்சத்தையும் தாண்டியது. இரண்டு லட்சம் என்றே வைத்தால், அரை மார்க் ஜரிகை உள்ள சேலையில் வெள்ளி மட்டும் ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல். தங்கம் தனி. உருக்குச் சேதாரத்தையும் திராவகச் செலவையும் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் யாரிடம் போகிறது?

விற்ற பெண்ணிடம் இல்லை என்பது தெரிந்ததே. "அப்படியானால் அந்தச் சேலைக்காரன்தான் அடிக்கிறான்" என்று மனுக்காரர்கள் சொல்கிறார்கள். அங்கேதான் தவறு. காலையில் முன்பணம் கொடுத்து அவனை அனுப்புகிறவர் ஒரு வியாபாரி. மாலையில் தராசைப் பிடிக்கிறவரும் அதே வியாபாரி. மாற்று எவ்வளவு என்று சொல்லுகிறவரும் அவரே. "இதிலே வெள்ளி இல்லைப்பா, அரைமாற்றுத்தான்" என்று அவர் சொன்னால், மறுத்துச் சொல்ல இவனிடம் கருவியும் கிடையாது, போகிற போக்கில் விற்க வேறு இடமும் கிடையாது. முன்பணம் கழுத்தில் கயிறாகக் கிடக்கிறது. பண்ணையாரிடம் முன்னாள் வாங்கிய நெல்லுக்கு மரக்கால் பிடித்தது யார் என்று விவசாயத் தோழர்கள் நினைவுபடுத்திக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும்.

திராவகப் புகையை மூச்சில் வாங்குகிற மூன்று பேருக்கும் கூலி நாள் கணக்கு. வெள்ளி கிலோ ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கு ஏறியபோது, கூலி நான்கு மடங்காக ஏறியதா என்று கேட்டோம். சிரித்தார்கள்.

இந்த வெள்ளி எங்கே போகிறது? சேலத்துக் கொலுசுப் பட்டறைக்கோ, சூரத் ஜரிகைக்காரர்களிடமோ போய்ச் சேருகிறது. சூரத்திலிருந்து மீண்டும் ஜரிகையாகி, மார்க் கணக்கில் விலை ஏறி, காஞ்சிபுரத்துத் தறிக்கே திரும்பி வருகிறது! நம்மூர் பீரோவில் இருந்த வெள்ளி ஆயிரம் மைல் பயணம் போய், வழியில் நாலு பேருக்கு லாபம் கொடுத்துவிட்டு, நம்மூர் நெசவாளியிடமே வந்து "எனக்கு விலை அதிகம், உனக்குப் பாவு இல்லை" என்கிறது. ஜரிகை விலை ஏறியதும் பட்டு முதலாளிகள் போலி ஜரிகைக்குத் தாவுகிறார்கள், அல்லது பாவு கொடுப்பதைக் குறைக்கிறார்கள். நெசவாளி ஒரகடத்தில் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி உடுப்புப் போட்டு நிற்கிறான்.

இந்தியாவுக்கு வேண்டிய வெள்ளியில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. மெக்ஸிகோவிலும் பெருவிலும் சுரங்கத்தில் இறங்கி எடுக்க வேண்டிய வெள்ளியை, மலையைக் குடையாமல், கப்பலில் ஏற்றாமல், வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறவன் இந்தச் சேலைக்காரன். அவனைத்தான் தெருவுக்குள் விடாதே என்கிறது மனு.

ஆலைத் தோழர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. புளோ ரூமில் விழுந்ததையும் கோம்பர் கழிவையும் ஓபன் எண்ட் மில்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் போய் நூலாக்குகின்றன. திருப்பூர்க் கத்தரிப்புத் துணுக்கும் அங்கேதான் போகிறது. கழிவு என்று பெயர், ஆனால் ஒருவரும் இலவசமாகக் கொடுப்பதில்லை! இரும்பை எடுத்துக்கொண்டாலும் அதே கதை. ஒரு டன் பழைய இரும்பை உருக்கினால் 1.4 டன் தாதுவும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சமாகிறது என்று உலக எஃகுக் கம்பெனிகளின் சங்கமே கணக்குச் சொல்கிறது. பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து எடுக்கும் செலவில் நூற்றுக்கு ஐந்து பங்கு சக்தி போதும். மிச்சமாகும் அந்த நிலக்கரிக்கும் மின்சாரத்துக்கும் சொந்தக்காரன் யார்? மூட்டையைத் தலையில் சுமந்தவனுக்கு அதில் காலணாவாவது வந்ததா?

பசுமை வேஷம்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை போய்ப் பாருங்கள். கம்பெனி வாசலில் செடி நட்டு, பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். நிலைத்த உற்பத்தியாம், சுழற்சிப் பொருளாதாரமாம், பூமித் தாயைக் காப்பதாம். வெளிநாட்டு வியாபாரி "உன் சரக்கில் பழைய பொருள் எத்தனை பங்கு?" என்று கேட்கிறான், அதற்காக முத்திரை வாங்குகிறார்கள். முத்திரைக்குப் பின்னால் இருக்கும் பொறுக்கிய கை எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

உள்ளே விழும் தகடு, செம்புக் கம்பி, அட்டை, மரப் பலகை எல்லாம் ஒட்டுமொத்தமாகக் குத்தகைக்குப் போகிறது. இந்தக் குத்தகைக்காக ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ரவுடிக் கூட்டங்கள் மோதிக்கொள்வதும் கொலை விழுவதும் பத்திரிகைகளில் வந்தபடியேதான் இருக்கிறது. அரசியல் பெரிய மனிதர்களின் நிழல் அதன் மேல் விழுவதையும் ஊர் அறியும். அந்த ஸ்கிராப் வியாபாரம் கௌரவமான வியாபாரம்! சாக்குப் பையோடு வேலியோரம் நிற்கிற பெண் மட்டும் திருடி!

மின்சாதனக் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் சங்க உரிமைக்காக 37 நாள் வேலை நிறுத்தம் செய்ததை நாம் மறக்கவில்லை. அங்கே செய்த குளிர்சாதனப் பெட்டி பத்து வருஷம் கழித்து எங்கே உடைபடும்? இதே மாதிரி ஒரு சந்தில், சுத்தியலும் உளியும் வைத்திருக்கிற ஒரு பையன் கையில். இதைச் சீர்படுத்தப் போகிறோம் என்று மத்திய சர்க்கார் 2022-ல் புதிய விதிகளைச் செய்து, 2023 ஏப்ரல் முதல் நடத்துகிறது. விற்ற கம்பெனியே பழைய சரக்குக்குப் பொறுப்பாம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் பதிவேட்டில் யாருக்கெல்லாம் இடம்? தயாரிப்பவன், விற்பனைக்கு விடுகிறவன், பழுது பார்த்துப் புதுப்பிக்கிறவன், மறுசுழற்சி ஆலைக்காரன், இந்த நால்வருக்கு. 2016-ன் விதிகளில் சேகரிக்கும் நிலையத்துக்கும் பிரித்தெடுப்பவனுக்கும் பேராவது இருந்தது. 2022-ல் அதுவும் போயிற்று.

கம்பெனி சான்றிதழ் வாங்கினால் பொறுப்புத் தீர்ந்தது. சான்றிதழைச் சல்லி விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்று, வீட்டு மின்சாதனக் கழிவுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் தரை விலை வைத்தார்கள். உடனே என்ன நடந்தது? சாம்சங், எல்.ஜி. முதலிய பெரும் கம்பெனிகள் 2025-ல் டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு ஓடின! கோடிக்கணக்கில் லாபம் பார்க்கிறவர்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் பாரமாம். அந்த 22 ரூபாயும் பதிவு பெற்ற ஆலைக்காரனுக்குத்தான், வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவனுக்கு அல்ல.

வரியிலும் இதே புத்தி. பிளாஸ்டிக் கழிவுக்கு 5 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யை 2021 அக்டோபரில் 18 சதவீதமாக்கினார்கள். 2024 அக்டோபரில் பழைய உலோகத்துக்குப் புது ஏற்பாடு. பதிவு இல்லாதவனிடம் வாங்கினால் வாங்குகிற பெரிய வியாபாரியே வரியைக் கட்ட வேண்டும் என்றார்கள். அந்த வரியைப் பெரிய வியாபாரி தன் மடியிலிருந்து எடுப்பார் என்று நம்புகிறவர்கள் கை தூக்குங்கள்! கீழே கொடுக்கிற விலையில் கழித்துக்கொள்வார். தெருவில் மூட்டை தூக்குகிறவன் ஜி.எஸ்.டி. என்ற எழுத்தைப் படிக்காமலே வரி கட்டுகிறான்.

தோல் முதலாளிக்கு ஒரு நியாயம்

"எல்லாம் சரி, சட்டம் என்று ஒன்று உண்டே? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் திராவகம் வைத்து வேலை செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். கூடாதுதான். ஆனால் இந்த ராஜ்யத்தில் விஷத் தண்ணீரை முதலில் விட்டவன் சாய்ப்பில் வேலை செய்கிற இந்த மூன்று பேர் அல்ல.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்தன. 1996-ல் சுப்ரீம் கோர்ட் கடுமையான தீர்ப்புச் சொன்னது. அதற்காக முதலாளிகளின் தொழிலை வேரோடு பிடுங்கினார்களா? இல்லை. ஆலைகளைக் கூட்டாகச் சேர்த்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள், சர்க்கார் பணமும் அதில் போட்டார்கள். திருப்பூரில் நொய்யல் சாயக்கால்வாய் ஆனது. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அப்போதும் ராஜ்ய சர்க்கார் வட்டியில்லாக் கடன் கொடுத்து நிலையங்களைத் தூக்கி நிறுத்தியது. செய்ததைக் குறை சொல்லவில்லை. ஆயிரமாயிரம் தொழிலாளரின் சோறு அதில் இருந்தது. நாம் கேட்பது, அந்த நியாயம் சின்ன காஞ்சிபுரத்துச் சந்துக்கு ஏன் வரவில்லை என்பதே. முதலாளி அழுக்கு விட்டால் கடன். ஏழை அழுக்கு விட்டால் கடப்பாரையா?

இங்கே வேண்டியது பெரிய செலவும் அல்ல. ஊருக்கு வெளியே ஒரு பொதுக் கொட்டகை. எரிக்க மூடிய அடுப்பு, உயர்ந்த புகைபோக்கி. திராவகப் புகையை இழுத்துக் காரத் தண்ணீருக்குள் செலுத்தினால் பெரும் பகுதி அடங்கிவிடும். நீலத் தண்ணீரில் பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டால் அதிலிருக்கும் தாமிரம் இரும்பின் மேல் படிந்துவிடும்; மிச்சத்தைச் சுண்ணாம்பிட்டுத் தெளிய வைக்கலாம். இது பள்ளிக்கூட ரசாயனம். நூற்றுக்கு 35 பங்கு தாமிரத்தை இன்று சாக்கடையில் கொட்டுகிறோம், நாளை அதுவும் காசு. தங்கத்தையும் வெள்ளியையும் அளக்கும் கருவி ஒன்று வைத்தால், மாற்றுச் சொல்லும் வியாபாரியின் நாக்குக்கு வேலை இல்லை.

கொட்டகை யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். குத்தகைக்காரன் கையில் கொடுத்தால் பழைய வியாபாரியே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருவான். காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நேற்று முளைத்தவை அல்ல. பட்டும் ஜரிகையும் அளந்து கொடுத்துச் சேலை வாங்கி விற்ற அனுபவம் இருக்கிறது, குறைகளும் இருக்கின்றன. அதே முறையில் பழைய ஜரிகை வாங்குவோர், உருக்குவோர் கூட்டுறவு ஒன்று வரட்டும். எடுத்த வெள்ளியை அன்றைய மார்க்கெட் விலைக்குத் தமிழ்நாடு ஜரிகை ஆலை வாங்கட்டும். சூரத்துக்குப் போய்த் திரும்பும் வெள்ளி இங்கேயே ஜரிகையாகட்டும். பழைய சேலை வாங்கும் திட்டம் சர்க்கார் எது கொண்டு வந்தாலும், தெருவில் வாங்குகிறவனைத் தள்ளிவிட்டு நடத்தக் கூடாது. அவனுடைய கால்தான் அந்தத் திட்டத்துக்குக் கால்.

இது நடக்கக்கூடியதா? புனாவில் நடந்திருக்கிறது. குப்பையில் காகிதமும் கண்ணாடியும் பொறுக்கிய பெண்கள் 1993-ல் சங்கம் அமைத்தார்கள். அடையாள அட்டை வாங்கினார்கள். 2008-ல் அவர்களுடைய சொந்தக் கூட்டுறவே நகரசபையோடு ஒப்பந்தம் செய்து வீடு வீடாகக் குப்பை எடுக்கத் தொடங்கியது. பிரித்து விற்கிற உரிமையும் அவர்களுக்கே. பிரேஸிலில் இத்தொழிலை 2002-ல் தொழில் என்றே சர்க்கார் பட்டியலில் ஏற்றினார்கள். கொலம்பியாவில் பொகோட்டா நகரத்தில் வண்டி இழுத்துச் சேகரித்தவர்கள் கோர்ட் வரை போய்ப் போராடி, 2013 முதல் எடைக்கு ஏற்ப நகரசபையிடமே கூலி வாங்கினார்கள். ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல எதுவும்.

நம் நாட்டிலும் காகிதத்தில் இடம் இல்லாமல் இல்லை. 2016-ன் திடக்கழிவு விதிகள், பொறுக்கிச் சேர்ப்பவர்களை நகரசபைகள் அங்கீகரித்து ஒழுங்குபடச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றன. 2024-ல் நமஸ்தே திட்டத்தில் அவர்களையும் சேர்த்ததாக மத்திய சர்க்கார் அறிவித்தது. அறிவிப்பு சந்துக்குள் வந்து சேர எத்தனை வருஷமோ! 2019-ல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தார். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள் என்று அதிகாரிகளே பெருமையோடு சொன்னார்கள். அந்தக் கோடிப் பேரும் குடித்துப் போட்ட பாட்டிலை யார் குனிந்து எடுத்தார்கள் என்று அப்போது எந்த அதிகாரியும் பெருமையோடு சொன்னதாக நமக்கு நினைவில்லை.

நம் வீட்டிலேயே இருக்கும் நோய்

இனி மனுவில் கையெழுத்துப் போட்ட நம் தோழர்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

"அவர்கள் திருட்டுச் சரக்கு வாங்குகிறார்கள்" என்கிறீர்கள். சில பேர் வாங்குகிறார்கள். மூடி மறைக்க மாட்டோம். தராசில் ஏமாற்றுகிறவனும் உண்டு. அவனிடம் நம் வீட்டுப் பெண்களே ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் தோழர்களே, ஒரு காலத்தில் பட்டு முதலாளி நம்மைப் பற்றி என்ன சொன்னான்? "நெசவாளி கையைப் பார்த்துக்கொண்டே இரு, நூலைத் திருடிவிடுவான்" என்று சொன்னானா இல்லையா? கொடுத்த பட்டையும் வாங்கிய சேலையையும் நிறுத்துப் பார்த்து, குறைந்தது என்று கூலியில் பிடித்தானா இல்லையா? அப்போது நாம் என்ன பதில் சொன்னோம்? "சரியான தராசு வை, எங்கள் கண் முன்னே நிறு, சீட்டுக் கொடு" என்றோம். அதே பதில்தான் இன்றும். அட்டை கொடு, முத்திரைத் தராசு கொடு, வாங்கியதற்குச் சீட்டு எழுத வை. திருட்டுச் சரக்கும் நிற்கும், விற்கிற பெண்ணுக்கும் விலை தெரியும். தெருவிலிருந்து விரட்டினால் சரக்கு இருட்டில் கைமாறும். இருட்டில் லாபம் பெரிய வியாபாரிக்குத்தான்.

இன்னொன்றும் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். பழைய இரும்புக்காரன் வந்தால் தண்ணீர்ச் செம்பை எடுத்து உள்ளே வைக்கிற வீடுகள் நம் சங்கத்து வீடுகளிலும் இருக்கின்றன. தொழிலைச் சொல்லித் தள்ளுகிறோமா, சாதியைச் சொல்லித் தள்ளுகிறோமா என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

பட்டறைக்காரர்களிடமும் நமக்குச் சண்டை இருக்கிறது. கூட்டுறவு, சங்கம் என்று பேச்செடுத்ததும், "வேண்டாம் சாமி, ஆபீசர் காதுக்குப் போனால் இருக்கிறதும் போய்விடும்" என்று கைகூப்பினார்கள். ஒளிந்து பிழைத்துப் பழகிவிட்டார்கள். ஒளிந்திருக்கும் வரை முன்பணக்கார வியாபாரி விட மாட்டான், அண்டை வீட்டுக்காரர் பொறுக்க மாட்டார், நுரையீரல் தாங்காது. இரண்டு மணி நேரம் பேசினோம். ஒருவர் மட்டும் கடைசியில், "கொட்டகை நிஜமாகவே வந்தால் நான் முதல் ஆளாக வருவேன், அதுவரை அடுப்பை ராத்திரி பத்து மணிக்கு மேல் மூட்டமாட்டேன், திராவக வேலையைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வைத்துக்கொள்கிறேன்" என்றார். இது போதாது. ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆகவே மனுவைக் கிழித்துப் போடவில்லை, திருத்தி எழுதியிருக்கிறோம். "அகற்று" என்ற இடத்தில், "மாநகராட்சி இடம் ஒதுக்கிப் பொது உருக்குக் கொட்டகை கட்டு, கட்டும் வரை புகை, திராவகத் தண்ணீருக்குத் தற்காலிக ஏற்பாடு செய்" என்று இருக்கிறது. "தெருவுக்குள் விடாதே" என்ற இடத்தில், "பழைய சேலை, பழைய பொருள் சேகரிப்போர் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடு, 1982-ன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நலவாரியத்தில் பெயர் சொல்லிச் சேர், கைக்கு உறை, முகத்துக்கு மூடி, வருஷம் ஒரு முறை நெஞ்சுப் பரிசோதனை கொடு" என்று இருக்கிறது. ஜரிகை ஆலை அன்றைய விலைக்குக் கொள்முதல் செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. மின்சாதனக் கழிவுக்குக் கம்பெனிகள் கட்டும் பணத்தில் சேகரித்தவனுக்கு ஒரு பங்கு எழுதி வை என்பது நான்காவது. இது டெல்லிக்குப் போக வேண்டிய கோரிக்கை, மாநகராட்சி வழியாகவும் போகட்டும்.

முதல் மனுவில் கையெழுத்துப் போட்ட அறுபது பேரில் இதுவரை இருபத்திரண்டு பேர் புதிய மனுவிலும் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா போட்டிருக்கிறார். பட்டறையிலிருந்து இரண்டு பேர், மஞ்சள் விரலால். சேலை வாங்குகிறவர்களில் ஐந்து பேர். மனு இம்மாதக் கடைசியில் மாநகராட்சிக்குப் போகிறது. ஓரிக்கை, செவிலிமேடு, பிள்ளையார்பாளையம் தோழர்கள் தங்கள் தெருவில் வருகிற பழைய பொருள்காரர்களையும் கையோடு அழைத்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஆள் இருக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு மை வைத்திருக்கிறோம்.